நீலக்கால் சிலந்தி எங்கிருந்து வந்தது?

"சார், இதை வளர்க்கலாமா?" என்று மாணவர்கள் கைப்பேசியில் காட்டும் படங்களில் இப்போதெல்லாம் முயலையும் பூனையையும் காணோம். மின்னும் நீலக் கால்களோடு டாரன்டுலா சிலந்திகள்தாம்.

சிலந்தி வளர்ப்பதை நான் எதிர்க்கவில்லை. ஒரு கண்ணாடிப் பெட்டி, ஈரமான தேங்காய் நார்த்தூள், வாரத்துக்கு ஓரிரு பூச்சி போதும். என் கேள்வி வேறு: அது பெட்டிக்குள் எப்படி வந்தது?

நம் சரவாக்கின் சிலந்தியையே பாருங்கள். 2019இல் அதற்குப் 'பிருபெஸ் சிமோராக்சிகோரம்' என்று பெயர் சூட்டினார்கள். 'பிரு' உங்களுக்குத் தெரிந்த மலாய்ச் சொல்தான், நீலம். 'பெஸ்' லத்தீனில் பாதம். இரண்டாம் பெயரோ, அதைப் பிடித்துச் சென்ற ஐரோப்பியச் சிலந்திப் பிரியர்களின் மூன்று பிள்ளைகளின் பெயர்களைச் சேர்த்தது! அதைப் பிடிக்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்றார்கள் சரவாக் அதிகாரிகள். பெயருக்கு மலாய்ச் சொல்லை எடுத்துக்கொண்டவர்கள், சிலந்தியை எடுக்க அந்த மண்ணைக் கேட்கவில்லை.

இதில் என்ன நட்டம்? டாரன்டுலா முதிர்ச்சியடையவே சில ஆண்டுகள் ஆகலாம். ஆண் அதன்பின் நீண்ட நாள் இருக்காது. பெண்தான் பல ஆண்டுகள் வாழ்ந்து முட்டையிடும். சிறு பரப்பில் மட்டும் வாழும் ஓர் இனத்தில் பெண்களைப் பிடித்துப் போனால் அந்த இழப்பை ஈடுகட்ட நெடுங்காலம் ஆகும்.

அந்த நீலமும் சாயம் அன்று. மயிலிறகில் போல, மயிரிலுள்ள நுண்ணிய அமைப்புகள் நீல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. டாரன்டுலா குடும்பத்தில் நீலம் குறைந்தது 8 முறை தனித்தனியாகத் தோன்றியது என்கிறது 2015இல் வந்த ஓர் ஆய்வு. பார்வை மங்கலான சிலந்திக்கு இவ்வளவு நீலம் எதற்கு? முடிவான விடை இன்னும் இல்லை. தேடுவதற்கு அது காட்டில் இருக்க வேண்டுமே.

"இது வளர்ப்பில் பிறந்த குஞ்சு" என்பார் விற்பவர். உண்மையாகவும் இருக்கலாம். அதன் தாய் எப்படி வந்தது என்று கேளுங்கள். ஆவணம் இல்லையென்றால் வாங்காதீர்கள். சிங்கப்பூர் வாசகர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை, அங்கே டாரன்டுலா வளர்க்க அனுமதி கிடையாது. இன்னொன்று, ஆசிய இனங்கள் வேகமானவை; பல அமெரிக்க இனங்களைப்போல் அரிக்கும் மயிரை உதறி எச்சரிக்காது, நேராகக் கடித்துவிடும். நன்றாக வலிக்கும்.

வண்ணச் சிலந்திதான் வேண்டுமா? புதரில் ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு இலைகளை மெல்லப் பிரித்துப் பாருங்கள். தாத்தா காலத்தில் தீப்பெட்டியில் வைத்து விளையாடிய சண்டைச் சிலந்தி உள்ளே நீலப்பச்சையாக மின்னலாம். பார்த்ததும் குதித்து ஓடிவிடும், அவ்வளவுதான்.