நடவுப் பெண்களின் இடுப்பு வலி: எந்த ஊசி நல்லது?

தஞ்சாவூர்:- குறுவை நடவு வந்தால் தஞ்சை வட்டாரத்தில் பெண்களுக்கு இடுப்பு வலியும் கூடவே வந்துவிடும். நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நிற்கிற வேலை. "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர், நாளைக்கு வயலுக்குப் போகணும்" என்பதே பலரின் கோரிக்கை.

ஊசியில் இரண்டு ரகம் உண்டு.

ஒன்று 'டிரிக்கர் பாயிண்ட்' ஊசி. தசையில் இறுகிப்போன முடிச்சைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, அங்கேயே மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவார்கள். 1955-ல் செனட்டராக இருந்த கென்னடியின் முதுகு வலிக்கு டாக்டர் ஜேனட் டிராவல் போட்டது இந்த வகைதான். 1961-ல் அந்தப் பெண்மணி வெள்ளை மாளிகை டாக்டரே ஆனார்.

மற்றொன்று, போலி டாக்டர்கள் குத்திவிடும் ஸ்டீராய்டு. வலி பறந்துவிடும். அடிக்கடி போட்டாலோ எலும்பு பலமிழக்கும், சர்க்கரை ஏறும்.

முடிச்சு ஊசியும் மந்திரமல்ல. வலி தணிந்ததும் தசையை நீட்டும் பயிற்சி செய்யாவிட்டால் பழைய கதைதான். மறுநாளே குனிந்தால் பயன் ஏது?

நடவு மெஷின் வந்தால் குனிகிற வேலை போகும், கூலியும் போகும். அதனால் வலியைப் பொறுத்துக்கொள்கிறார்கள். "இது என்ன மருந்து?" என்று கேட்காமல் மட்டும் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது.