கடலிற் செல்வோர்க்குக் கைவானொலி

முத்துக்குளித்துறை எனப் பெயர்பெற்ற நமது கடற்கரையிலே கயிறென்பது உயிருக்கு நிகராயிருந்தது. கல்லின் பாரத்தால் அடியிறங்கியவன் மூச்சு முட்டியதும் கயிற்றை அசைப்பான். தோணியில் நின்றவன் அக்கணமே அவனை இழுத்தெடுப்பான். அசைக்கும் கை ஒன்று, அவ்வசைவை எதிர்நோக்கியிருக்கும் கை மற்றொன்று. இவ்விரண்டில் எது தவறினும் உயிர் போம். அரசாங்கத்தார் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு முடிவுற்றது. ஆயினும் அக்கயிற்றின் தேவை முடிவுறவில்லை. வல்லமேறிக் கரை மறையுமட்டும் செல்லும் மீனவனுக்கு இக்காலத்தே அக்கயிறாய் உதவவல்லது கையிலடங்கும் கடல் வானொலியே என்பது எமது துணிபு.

கைப்பேசி இருக்க இஃது எற்றுக்கு என்று வினவுவோர் உளர். கைப்பேசி கரையோரக் கோபுரங்களை நம்பியது. கரையைவிட்டுச் சிறிது தூரம் சென்றதும் ஊமையாகிவிடும். அன்றியும் அஃது ஒருவன் காதில் மட்டும் பேசும். வானொலியோ சூழ நிற்கும் படகுகள் அனைத்தின் காதிலும் ஒருங்கே பேசும். அபாயத்திலிருப்பவனுக்கு வேண்டுவது தூரத்து நண்பன் ஒருவனல்லன். அருகிலிருக்கும் அயலான் எவனாயினும் அவனே.

இனி, எத்தகைய கருவியைத் தேர்ந்துகொள்வது? விலை மலிவென்று கடைத்தெருவில் விற்கும் ஏதோவொரு கைவானொலியை வாங்குவது முதற்பிழை. கப்பல்களுக்கும் படகுகளுக்கும் உலகெங்கும் பொதுவாக வகுக்கப்பட்ட அலைவரிசைகளிற் பேசுவதும், நமது அரசாங்கத்தின் அநுமதிக்கு உட்பட்டதுமான கடற்கருவியே வேண்டும். அது நீர் புகாததாயும், கடலில் விழுந்தால் மிதப்பதாயும், இருக்குமிடத்தைத் தானே கணித்துக் காட்டுவதாயும் இருத்தல் நலம். கோபுரத்தையும் விளக்கையும் ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்து நிலையறிவதில் நம் மீனவர் வல்லவரே. ஆனால் புயலிருளிலே கோபுரமும் தோன்றாது, விளக்கும் தோன்றாது.

வாட் மிகுந்தால் தொலைவும் மிகும் என எண்ணுவது இரண்டாம் பிழை. இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. பூமியின் வளைவே அவற்றின் எல்லை. நீர்மட்டத்திற்கு 2 மீட்டர் உயரத்தில் பிடித்த இரு கருவிகள் ஒன்றோடொன்று பேசவல்லது ஏறத்தாழ 6 கடல்மைலே. கரையிலே 50 மீட்டர் உயரமுள்ள கோபுரமிருப்பின் அது 18 கடல்மைல் வரை நீளலாம். ஆகவே 5 வாட் போதும். எஞ்சிய பணத்தை இரண்டாவது மின்கலத்திற்குச் செலவிடுக. பேசும்போது எழுந்து நின்று, அலைக்கம்பியை நேர்நிமிர்த்திப் பிடிப்பது வாட்டைக் கூட்டுவதினும் பயனுடைத்து.

வாங்கிய கருவியைச் செவ்வனே அமைத்தல் அடுத்த கடமை. அபாய அழைப்பிற்கெனக் குறிக்கப்பட்ட 16-ஆம் வரிசையிலேயே, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸிலேயே, அது எப்பொழுதும் விழித்திருக்கவேண்டும். இரைச்சலை அடக்கும் திருகை, இரைச்சல் நின்ற அளவோடு நிறுத்துக. அதற்குமேல் திருகினால் தூரத்து மெல்லிய குரலும் சேர்ந்தடங்கிவிடும். கருவியைப் பெட்டியிற் பூட்டாமல் உடம்பிலே கயிறிட்டுக் கட்டிக்கொள்க. கவிழ்ந்த படகின் பெட்டி யாருக்கும் உதவாது. படகுக்குப் படகு உரையாட 72 முதலிய வேறு வரிசைகள் உள. 16-ஆம் வரிசையிற் பாட்டுப் பாடுவதும், மீன்விலை பேசுவதும் மூழ்குபவன் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும் என்று சொல்ல யாம் அஞ்சோம்.

மின்கலம் தீர்ந்துவிடுமென்று கருவியை அணைத்து வைப்போரும் உண்டு. பேசுவதற்கே மின்சாரம் மிகுதியாகச் செலவாகும், கேட்டிருப்பதற்கு அன்று. 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் டைட்டானிக் கப்பல் மூழ்கிய இரவிலே, கலிபோர்னியன் என்னும் கப்பல் அண்மையிலேயே நின்றது. ஆயினும் அதிலிருந்த ஒரே கம்பியில்லாத் தந்திக்காரர் துயிலச் சென்றுவிட்டமையால் அபாயக்குரல் அங்கே எட்டவில்லை. இழுப்பவன் உறங்கினால் கயிறிருந்தும் பயனென்னை?

அழைக்கும் முறையும் கற்கற்பாலது. ‘மேடே’ என மும்முறை கூறி, படகின் பெயர், இருக்குமிடம், நேர்ந்த இடர், உள்ளோர் தொகை ஆகியவற்றை அடைவே சொல்லவேண்டும். ‘மேடே’ என்னும் சொல் எல்லா நாட்டாரும் அறிந்தது; அதனை மாற்றலாகாது. எஞ்சியவற்றைத் தமிழிற் சொல்ல நாணவேண்டுவதில்லை. முதலில் ஓடிவரக்கூடியவன் பக்கத்து வல்லத்துத் தமிழனே அன்றோ?

இக்கருவி அனைத்திற்கும் மருந்தென்று யாம் கூறோம். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கலக்கியபோது, பன்னாட் பயணமாக ஆழ்கடல் சென்றிருந்தோர்க்கு எச்சரிக்கை எட்டவில்லை. கரையின் வானொலிக்கு எட்டாத தூரத்தே அவர்கள் இருந்தார்கள். அத்தகையோர்க்குச் செயற்கைக்கோள் வழிப் பேசும் கருவியே வேண்டும். ஆனால் காலையிற் சென்று மாலையில் மீளும் சிறு வல்லங்கள் அநேகம்; அவற்றிற்கு இக்கைவானொலி போதிய துணையாம்.

விலையைக் கண்டு தயங்குவோர்க்கு ஒரு சொல். வலைக்கும் இயந்திரத்திற்கும் செலவிடும் பொருளோடு ஒப்பிட்டால் இது சிறிது. தனித்து வாங்க இயலாதவர் ஊர்ச் சங்கத்தின் வாயிலாகச் சேர்ந்து வாங்கலாம். நம் கல்லூரியில் பௌதிகம் பயிலும் மாணவர்க்கும் இதிற் பணியுண்டு. அலைகளின் இயல்பைப் பரீட்சைத்தாளில் எழுதுவதோடு அமையாது, விடுமுறை நாட்களிற் கடற்கரைக் குடியிருப்புகளுக்குச் சென்று, கருவியை அமைக்கவும் அழைக்கவும் பயிற்றுவாராக. கடலோர ஊர்களிற் பிறந்த பழைய மாணவர்கள் வழிகாட்டுவாராக. கடலோரக் காவற்படையின் 1554 என்னும் இலக்கத்தை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வைப்பாராக. கற்றவன் கரையில் நிற்க, கல்லாதவன் கடலில் அழியும் நிலை நம் கல்விக்குப் பெருமை தருவதன்று.