லெக் கார்டு காலைக் காக்குமா?

சான் ஹோசேவில் நான் பைக் வாங்கியதும் அப்பா போனில் கேட்ட முதல் கேள்வி: "லெக் கார்டு மாட்டிட்டியாடா?" ஊரில் அந்தக் கம்பிக்குப் பெயரே அதுதான். இங்கே எஞ்சின் கார்டு என்று விற்கிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் நேர்மையான பெயர்.

தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு, லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை வெளியிட்டது. இந்தக் கம்பியால் கணுக்கால், பாதக் காயங்கள் குறைகின்றனவாம். ஆனால் முழங்கால், தொடைக் காயங்கள் அந்த அளவுக்குக் கூடிவிடுகின்றன. பழைய ஆய்வுதான். ஆனாலும் நம்ம ஆட்கள் பலர் இந்தக் கம்பியை நம்பி கான்வாஸ் ஷூவோடு ஹைவேயில் ஏறுவதைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது.

பார்க்கிங்கில் வண்டி சாய்ந்தால் எஞ்சின் தப்பும். அதற்காக மாட்டுங்கள், தப்பில்லை. ஆனால் 101-ல் கார்களுக்கு நடுவே புகுந்து போகிறவர்கள் (2017 முதல் கலிபோர்னியாவில் அதற்குச் சட்ட அங்கீகாரம் உண்டு) கம்பியின் அகலத்தையும் பார்க்க வேண்டும்.

நான் அந்தக் காசில் கணுக்காலை மூடும் ரைடிங் பூட்ஸ் வாங்கினேன். "முப்பது வருஷம் நான் செருப்போட ஓட்டலையா?" என்கிறார் அப்பா. டிசம்பரில் ஊருக்குப் போகும்போது அவருக்கும் ஒரு ஜோடி எடுத்துப் போகிறேன்.