டீம் ஃபவுலையும் எழுது!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரக் கல்லூரிகளின் கூடைப்பந்துத் தோழர்களே, தோழிகளே!

செமஸ்டர் பாதி ஓடிவிட்டது. இன்னும் சில வாரங்களில் நோட்டீஸ் போர்டில் ஒரு பட்டியல் ஒட்டுவார்கள்: வருகை போதாதவர்கள், தேர்வு எழுத அனுமதி இல்லாதவர்கள். அதில் நம் பெயர்கள் இருக்கும். கோப்பையைத் தூக்கிக்கொண்டு பிரின்சிபால் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட அதே பெயர்கள்! பட்டியல் ஒட்டிய பிறகு ஹெச்.ஓ.டி. அறை வாசலில் தவம் கிடந்து பயனில்லை. ஒட்டுவதற்கு முன்பே சேர்ந்து நிற்க வேண்டும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீத வருகை இருந்தால்தான் செமஸ்டர் தேர்வு எழுதலாம். உடல்நலக் குறைவு, விளையாட்டுப் போட்டி என்றால் சான்றிதழோடு 65 சதவீதம் வரை இறங்கலாம். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டரே போச்சு; அடுத்த ஆண்டு ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டும். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் கையிருப்பு 22 நாள். நமக்குச் சலுகையோடு 31 நாள். அதற்குள்தான் மண்டலப் போட்டி, மண்டலங்களுக்கு இடையிலான போட்டி, பல்கலைக்கழக அணித் தேர்வு, பயிற்சி முகாம், தென்மண்டலப் போட்டி, போக வர ரயிலில் கழியும் நாட்கள் எல்லாம் அடங்க வேண்டும். சுளுக்கிய கணுக்காலும் டெங்குக் காய்ச்சலும் அதே கணக்கில்தான் கழியும்.

அந்தப் பத்து சதவீதச் சலுகையாவது கைக்கு வருகிறதா? அது ஓ.டி. (ஆன் டியூட்டி) தாளில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. வெளியூரில் ஆடிவிட்டு விடியற்காலை வந்து இறங்குகிறோம். ஜெர்சி துவைக்காமல் பையில் கிடக்கிறது. பி.டி. சார் கையெழுத்து முதல் பீரியடிலேயே கிடைத்துவிடும். கிளாஸ் அட்வைசர் லீவு. ஹெச்.ஓ.டி. மீட்டிங்கில். இரண்டு நாள் கழித்து மூன்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனால், பாட ஆசிரியர் திரையைத் திருப்பிக் காட்டுகிறார்: “போர்ட்டல் லாக் ஆயிடுச்சு தம்பி. இனிமே நான் ஒண்ணும் பண்ண முடியாது.” கல்லூரிக்காக ஆடிய நாள் பதிவேட்டில் ஆப்சென்ட்! அன்றைக்கு இன்டர்னல் தேர்வும் இருந்திருந்தால் அங்கேயும் ஆப்சென்ட். 2021 பாடத்திட்ட விதிகளில் தியரித் தாளுக்கு 40 மதிப்பெண் இன்டர்னல்தான். அதில் ஓட்டை விழுந்தால் அரியருக்கு வாசல் திறந்தது என்று பொருள்.

மாலை நேரத்தையும் பாருங்கள். கல்லூரி பஸ் கிளம்பும் நேரத்தில்தான் நமக்குப் பயிற்சி தொடங்குகிறது. முடித்துவிட்டு மாநகரப் பேருந்துக்குக் காத்திருந்து, பூந்தமல்லி பஸ் நிலையத்தில் மாறியோ, ஆவடியில் லோக்கல் ரயிலைப் பிடித்தோ திருநின்றவூருக்கும் கொரட்டூருக்கும் போய்ச் சேரும்போது மணி ஒன்பது. தோழிகளின் பாடு இன்னும் மோசம். இருட்டிய பிறகு ஸ்டேஷனில் தனியாக நிற்க வீட்டில் விடுவதில்லை; பயிற்சியைப் பாதியில் விட்டால் அணியில் இடமில்லை. இதற்கெல்லாம் பிறகு புத்தகத்தைத் திறந்தால் எத்தனை பக்கம் ஓடும்?

நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் பார்க்கும் அப்பாவால் கட்ட முடியாத கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம் என்றுதானே பந்தைக் காட்டி அழைத்தார்கள்? சீட் கொடுத்தது பந்துக்காக. வெளியே தள்ளுவது பதிவேட்டைக் காட்டி. ஒரு வருடம் போனால் சலுகையும் போகும். வீட்டுக்குக் கடன் வரும்.

“பந்து இருக்கிறதே, வேலை கிடைத்துவிடும்” என்று ஆறுதல் சொல்பவர்களை நம்பாதீர்கள். சென்னையிலிருந்து புறப்பட்டு இந்திய அணிக்குக் கேப்டனாகி, 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார் அனிதா பால்துரை. 2022-இல் சென்னையில் நடந்த சீனியர் தேசியப் போட்டியில் தமிழக ஆண்கள் அணி பஞ்சாபை வீழ்த்திப் பட்டம் வென்றது. நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேருக்குள் இடம் பிடிப்பவர்கள் எத்தனை பேர்? மிச்சம் உள்ள நம் எல்லோருக்கும் பட்டம்தான் சோறு. மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதில் பல பணிகளுக்குக் கோப்பைச் சான்றிதழோடு பட்டச் சான்றிதழையும் கேட்பார்கள். நோட்டீஸ் போர்டில் பெயர் ஏறியவர் அங்கே எதை நீட்டுவார்?

தோழர்களே, நம் ஆட்டத்தில் இரண்டு கணக்கு உண்டு. ஒருவர் ஐந்து ஃபவுல் செய்தால் அவர் வெளியே. ஒரு குவார்ட்டரில் அணி நான்கை எட்டிவிட்டால் அடுத்த ஃபவுலுக்கு எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ. அதாவது குற்றம் அணியின் கணக்கிலும் ஏறும். கல்லூரியில் நடப்பது என்ன? தனி ஆளின் ஃபவுலை மட்டும் எழுதுகிறார்கள். தாமதமான ஓ.டி., மறுதேர்வு வைக்காத துறை, பஸ் விடாத நிர்வாகம்: இந்த டீம் ஃபவுலை எழுத ஸ்கோர் டேபிளில் ஆளே இல்லை. நாம் கேட்பது விதி விலக்கு அல்ல. இரண்டு கணக்கையும் எழுது என்கிறோம்!

இது நடக்காத காரியம் அல்ல. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இப்படி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. முதல்நிலைப் பிரிவில் உதவித்தொகை பெறும் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் செமஸ்டருக்கு இரண்டு புள்ளி. படிப்பில் தகுதியோடு இருந்தால் ஒன்று, கல்லூரியை விட்டுப் போகாமல் இருந்தால் ஒன்று. 12 பேர், இரண்டு செமஸ்டர் என்றால் மொத்தம் 48. அதில் நான்கு நழுவினால் 44. ஆயிரத்துக்கு மாற்றினால் 917. நான்கு ஆண்டுச் சராசரி 930-க்குக் கீழே போனால் அணிக்கே தண்டனை. சாம்பியன்ஷிப்பில் ஆட முடியாது. 2011-இல் பட்டம் வென்ற கனெக்டிகட் பல்கலைக்கழக ஆண்கள் அணி, 2013 சாம்பியன்ஷிப்பில் கால் வைக்க முடியாமல் போனது இதனால்தான்.

அதை அப்படியே இங்கே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. அங்கே முந்தைய ஆண்டுகளின் புள்ளிக்காகப் பின்னால் வந்த ஆட்டக்காரர்கள் தண்டனை அனுபவித்தார்கள், அது அநியாயம். புள்ளிக்காகக் குறுக்கு வழி தேடும் ஆபத்தும் உண்டு. வடக்கு கரோலினா பல்கலைக்கழகத்தில் பாடமே நடத்தாத வகுப்புகள் 18 ஆண்டுகள் நடந்ததையும், 3,100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் அவற்றில் சேர்ந்ததையும் 2014-இல் வந்த விசாரணை அறிக்கை அம்பலமாக்கியது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். போலி மார்க் நமக்கு வேண்டாம். கல்லூரியையும் கணக்கில் நிறுத்தும் அந்த ஒரு கருத்து போதும்.

நம் கோரிக்கைகள் இவை:

1. போட்டிக்குக் கிளம்பும் முன்பே ஓ.டி. உத்தரவு எழுத்தில் வர வேண்டும். ஒரே கையெழுத்து. ஒரு வாரத்துக்குள் போர்ட்டலில் ஏற்றுவது கல்லூரியின் பொறுப்பு. தாளைத் தூக்கிக்கொண்டு அலைவது நம் வேலை இல்லை.

2. போட்டி நாளில் விட்ட இன்டர்னலுக்கு மறுதேர்வு. அது ஆசிரியரின் தயவாக இருக்கக் கூடாது, உரிமையாக வேண்டும்.

3. செமஸ்டர் தேர்வும் பல்கலைக்கழகப் போட்டியும் ஒரே நாளில் மோதினால் தனித் தேர்வு. 2018-இல் காமன்வெல்த் போட்டிக்குத் தயாரான துப்பாக்கிச் சுடும் வீரர் அனிஷ் பன்வாலாவுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தள்ளி வைத்தது சி.பி.எஸ்.இ. பள்ளி வாரியத்தால் முடிந்தது பல்கலைக்கழகத்தால் முடியாதா?

4. பயிற்சி முடிந்த பிறகு ஒரு கல்லூரி பஸ். வாரப் பயிற்சிக்கு ஒரு நேர வரம்பு. அமெரிக்காவில் சீசனில் வாரம் 20 மணி நேரம்தான்.

5. காயம்பட்டு உட்கார்ந்தவரின் கட்டணச் சலுகையில் கை வைக்கக் கூடாது.

6. விளையாட்டுப் பிரிவில் எத்தனை பேரைச் சேர்த்தோம், எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் வாங்கினார்கள் என்று ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அட்மிஷன் நேரத்தில் கோப்பைகளைக் காட்டுகிறீர்களே, இதையும் காட்டுங்கள்!

இதைக் கேட்க நமக்கும் யோக்கியதை வேண்டும். ஓ.டி. போட்டுவிட்டுத் தியேட்டரில் உட்காருகிறவருக்காக இந்த அறைகூவல் இல்லை. அவர் திருடுவது நம் எல்லோருடைய 31 நாளிலிருந்து. பத்து அரியரைப் பதக்கம் போலச் சொல்லிக்கொள்ளும் சீனியருக்குக் கைதட்டுவதை இன்றோடு நிறுத்துவோம். டிபென்ஸில் உதவிக்கு ஓடத் தெரிந்த நமக்கு, கணக்குத் தாளில் தடுமாறும் சக ஆட்டக்காரரோடு ஒரு மணி நேரம் உட்காரத் தெரியாதா?

இந்த வாரமே செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, ஒவ்வொரு அணியிலும் ஒருவர் நோட்டுப் போடுங்கள்: யாருக்கு எத்தனை நாள் போனது, எத்தனை ஓ.டி. ஏறவில்லை, எத்தனை இன்டர்னல் விட்டது. தேதியோடு எழுதுங்கள், ஓ.டி. தாளை நகலெடுத்து வையுங்கள். இரண்டு, மேலே சொன்ன புள்ளிக் கணக்கை உங்கள் அணிக்கே போட்டுப் பாருங்கள். 930-க்கு எத்தனை தூரம் என்று தெரிந்துகொண்டு நிர்வாகத்தின் முன் வையுங்கள். மூன்று, கோரிக்கைத் தாளில் அணியின் அத்தனை பேரும் கையெழுத்திடுங்கள், பெஞ்சில் இருப்பவர் உட்பட. ஒரு கல்லூரி தனியாகக் கேட்டால் கேப்டனைக் கூப்பிட்டு மிரட்டுவார்கள். பட்டாபிராம் முதல் பாடி வரை, திருவேற்காடு முதல் திருமழிசை வரை எல்லா அணியும் ஒரே தாளை நீட்டினால் யாரை மிரட்டுவார்கள்?

மைதானத்தில் நாம் எதிரெதிர் அணிகள்தான். மண்டல இறுதி ஆட்டத்தில் ஒருவரையொருவர் விடவே வேண்டாம். ஆனால் நோட்டீஸ் போர்டின் முன் நாம் எல்லோரும் ஒரே அணி. கை தூக்கி நிற்பதற்கு அல்ல, கையெழுத்துப் போடுவதற்கு வாருங்கள்.

பந்துக்காகக் கொடுத்த சீட்டில் பட்டம் வாங்கியே தீருவோம்!
எங்கள் ஃபவுலை எழுது! உன் ஃபவுலையும் எழுது!