அறுநூறு சிறகைக் கல் தாங்காது

பிரான்சின் ரீம்ஸ் பேராலய வாசலில் 13ஆம் நூற்றாண்டு வானவர் சிலையொன்று புன்னகைத்து நிற்கிறது. 1914 செப்டம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் ஆலயம் தீப்பற்றியபோது தலை உடைந்து விழுந்தது. போருக்குப் பின் ஒட்டவைத்தார்கள். இப்படியான சிலைகளைக் காட்டி, முஸ்லிம்கள் மலக்குமாரை, அதாவது வானவர்களை, நம்பினார்கள், கற்பனை செய்யத்தான் தெரியவில்லை என்பாருண்டு. இலங்கையின் கல்முனைக்குடி, மருதமுனை மையவாடிகளைப் பார்த்தால் அதுவே உண்மைபோலத் தோன்றும். மணலில் மீசான் கட்டைகள், வேறொன்றுமில்லை. ஆனால் அடக்கம் முடிந்து தல்கீன் ஓதப்படுவதைக் கேட்டவர் அப்படிச் சொல்லமாட்டார். மண்ணுக்குள் இருப்பவரையே விளித்து, இரு மலக்குமார் வருவார்கள், உன் றப்பு யாரென்று கேட்பார்கள், கலங்காதே என்கிறது அது. அந்த இருவரான முன்கரும் நக்கீரும் கல்லில் இல்லை. கூடிநிற்பவர் காதில் இருக்கிறார்கள். தல்கீன் ஓதலாமா கூடாதா என்ற சர்ச்சை உலமாக்களுக்குரியது. அது எழுப்பும் காட்சியைப் பற்றியதே என் பேச்சு.

மலக்குமாருக்கு இரண்டிரண்டாய், மும்மூன்றாய், நந்நான்காய்ச் சிறகுகள் என்கிறது குர்ஆனின் பாத்திர் அத்தியாயம். ஜிப்ரீலுக்கு அறுநூறு என்கிறது ஹதீஸ். ரீம்ஸ் சிற்பி இரண்டோடு நிறுத்திக்கொண்டார். அறுநூறை எந்த உளி செதுக்கும்? முஸ்லிம்களும் செதுக்கினார்களே, துருக்கியின் கொன்யாவில் செல்ஜூக் சுல்தான் கட்டிய மதிலில் முடிசூடிய சிறகுருவங்கள் இருந்தனவே என்று கேட்கலாம். இருந்தன; இன்று அவை அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆனால் அவை நின்றது ஊர்மதிலில், தொழும் இடத்தில் அல்ல. தொழுகிறவர்களின் மலக்கைச் சொல்லே சுமந்தது. 17ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் 5027 பாக்களில் பாடிய சீறாப்புராணத்தில் நபிப்பட்டம் பெற்ற படலத்தைப் பாருங்கள். ஹிறாக் குகையில் ஜிப்ரீல் நபியை இறுகத் தழுவி ஓதச் சொல்லும் தருணம் அது. தழுவுகிற மலக்கு அசைந்தாக வேண்டும். கல்லுக்கு அது எப்படி முடியும்? அறபுப் பாலையில் மருதநிலம் காட்டிய புலவரின் மலக்கை எப்படி நம்புவது என்று கேட்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். புராணம் ஹதீஸ் நூலல்ல, உமறு அதை மறைக்கவுமில்லை. அறபிலிருந்த செய்தியை நம் வயலும் வாய்க்காலும் தெரிந்த காதுக்குக் கொண்டுவந்தார். ஹதீஸ்களை ‘நபிமொழி நாற்பது’ எனச் செய்யுளாக்கிய மருதமுனைப் புலவர்மணி ஷரிபுத்தீனும் அந்த வழியில்தான் நடந்தார். அலங்காரம் மிகுதி என்று புராணத்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தினால், சிலையே வைக்காத நம்மிடம் ஜிப்ரீலைப் பிள்ளைகளுக்குக் காட்ட மிஞ்சுவது பரீட்சைக்கு மனனம் செய்யும் நான்கு மலக்குமாரின் பெயர்கள்தான்.