மேசைக்கு இந்தப் பக்கம்

பஸ்ராவிலிருந்து குவைத்துக்குப் போகும் பாலைவனச் சாலை. உச்சிக் கோடை. காலியான தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் மூன்று பாலஸ்தீன அகதிகள் இறங்குகிறார்கள். சாவடியில் ஆறேழு நிமிடம் பொறுத்துக்கொண்டால் போதும் என்கிறான் ஓட்டுநர். ஈராக் சாவடியைத் தாண்டிவிடுகிறார்கள். குவைத் சாவடியில் இருக்கும் குமாஸ்தாக்களுக்குப் பொழுதுபோகவில்லை. பஸ்ராவில் ஒரு நடனக்காரியோடு உனக்குத் தொடர்பாமே என்று ஓட்டுநரைச் சீண்டிக்கொண்டே கையெழுத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். அவன் ஓடி வந்து மூடியைத் திறக்கும்போது மூவரும் இறந்து கிடக்கிறார்கள்.

கசான் கனஃபானி எழுதி 1963இல் வெளிவந்த 'சூரியனில் மனிதர்கள்' என்ற அரபுக் குறுநாவலின் கதை இது. 1948இல் குடும்பத்தோடு பாலஸ்தீனத்தை விட்டு வெளியேறியபோது கனஃபானிக்கு 12 வயது.

நாவலில் மனத்தை அறுப்பது அந்தக் குமாஸ்தாக்கள்தாம். அவர்களிடம் வன்மம் எதுவும் இல்லை. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து சிரித்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். படிப்பவரும் பெரும்பாலும் அப்படி ஓர் அறையில்தான் இருக்கிறார். தொட்டிக்குள் இருப்பவர்களுக்காகக் கண்ணீர் விடுவது எளிது. தன் சாயலை மேசைக்கு இந்தப் பக்கம் பார்ப்பது கடினம். கனஃபானி இரண்டையும் ஒரே பக்கத்தில் செய்ய வைக்கிறார். தொட்டியின் சுவரை நீங்கள் ஏன் தட்டவில்லை என்று நாவலில் ஓட்டுநர் கதறுகிறான். 1972இல் தவ்ஃபீக் சாலேஹ் இதைப் படமாக்கியபோது முடிவை மாற்றினார். படத்தில் அவர்கள் தட்டுகிறார்கள். குளிர்சாதன இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.

2015 ஆகஸ்டில் ஆஸ்திரிய நெடுஞ்சாலையோரம் நின்ற குளிர்பதன லாரியில் 71 சடலங்கள். 2019 அக்டோபரில் இங்கிலாந்தின் எசெக்ஸில் இன்னொரு லாரியில் 39 வியட்நாமியர்கள். செய்தியில் எண்ணிக்கை வந்தது. அந்தக் கடைசி நிமிடங்கள் எவ்வளவு நீளமானவை என்பதைக் கனஃபானி அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவிட்டிருந்தார்.

2021இல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற அப்துல்ரசாக் குர்னாவும் சான்சிபாரிலிருந்து இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவர். 2001இல் வெளிவந்த அவருடைய 'கடலோரம்' நாவலிலும் ஒரு மேசை உண்டு. பொய்க் கடவுச்சீட்டோடு கேட்விக் விமான நிலையத்தில் இறங்கும் 65 வயது சாலே உமர், ஆங்கிலம் தெரியாதவர்போல் வாய் திறக்காமல் நிற்கிறார். அவர் பொக்கிஷமாகக் கொண்டுவந்த அகில் பெட்டியை அதிகாரி எடுத்துக்கொள்கிறார். அந்த அதிகாரியின் பெற்றோரும் ருமேனியாவிலிருந்து தஞ்சம் புகுந்தவர்களே!

சிறிது நேரம் இலக்கியம் படித்தாலே பிறர் மனம் புரியும் என்று 2013இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. பின்னர் வேறு குழுக்கள் அதே சோதனையைச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. சிறிது நேர வாசிப்பில் யாரும் மாறிவிட மாட்டார்கள் என்பது இயல்புதான். நாவல் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஒரு மனிதரோடு பல நாள் பழகவைப்பது அதன் வழி.

ஈழ எழுத்தாளர் ஷோபாசக்தியின் 'கொரில்லா' நாவல் (2001) பிரெஞ்சு அரசுக்கு எழுதப்பட்ட அகதி விண்ணப்பத்தோடு தொடங்குகிறது. அதிகாரி கேட்கக்கூடிய விவரங்கள் அதில் இருக்கின்றன. பின்வரும் பக்கங்களில்தான் ஊரே நடுங்கிய ஒரு சண்டியர் தகப்பன் வருகிறார். அவருடைய பட்டப்பெயரைச் சுமக்க முடியாமல் விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் போகும் மகன் வருகிறான். படிவத்தை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு அந்த மகனைத் தெரியாது. முழு நாவலையும் படித்தவருக்குத் தெரியும்.