ஹாபு முச்சந்தியில் ஒரு பேருந்து நிற்கட்டும்

மாண்புமிகு போக்குவரத்து அமைச்சர் அவர்களுக்கும், பகாங் மாநில மந்திரி பெசார் அவர்களுக்கும் ரிங்லெட்டிலிருந்து ஒரு மடல்.

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறி வருபவர்கள் கேமரன் மலையில் முதலில் காணும் ஊர் எங்களுடையது. ஆனாலும் கோலாலம்பூரைப் பற்றிப் பேசித்தான் இந்த மடலைத் தொடங்குகிறேன். எங்கள் மலையில் என்ன இல்லை என்பதை நாங்கள் அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டோம்.

எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் தலைநகரத்தில் வேலை செய்கிறார்கள். விடுமுறைக்கு அவர்களிடம் போகும் அம்மாக்கள் ஊருக்குத் திரும்பியதும் சொல்லும் கதையெல்லாம் ரயில் கதைதான். பசார் செனி நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் 1873இல் தோன்றிய மகா மாரியம்மன் கோயில். அங்கே கும்பிட்டுவிட்டு லெபோ அம்பாங் வழியாக நடக்கலாம். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கலக்கும் இடத்தில் மஸ்ஜிட் ஜாமிக், அதைத் தாண்டினால் மஸ்ஜிட் இந்தியாவின் புடவைக் கடைகள். கால் வலித்தால் பக்கத்திலேயே எல்ஆர்டி. பத்துமலைக்கு 2010இலிருந்து மின்ரயில் போகிறது. 50 வெள்ளி கொடுத்து ஓர் அட்டை எடுத்தால் மாதம் முழுக்க ரேபிட் கேஎல் ரயிலிலும் பேருந்திலும் விருப்பம்போல் ஏறி இறங்கலாம். வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்த, கார் ஓட்டத் தெரியாத ஓர் அம்மா, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெரிய ஊரில் எங்கே வேண்டுமானாலும் போய் வருகிறார். யாரிடமும் போய் நிற்கவில்லை, யாருக்கும் பாரமாக இல்லை. இதைச் செய்து கொடுத்த அரசாங்கத்துக்கு மனமார நன்றி சொல்கிறேன்.

அதே அம்மா மலைக்குத் திரும்பியதும் என்ன ஆகிறது? அவருடைய வீடு தேயிலைத் தோட்டத்துக்குள். ஹாபு முச்சந்தியிலிருந்து ஒரு கார் போனால் எதிரே வருவது ஒதுங்கி நிற்க வேண்டிய குறுகலான சாலையில், பல கிலோமீட்டர் உள்ளே. அந்தச் சாலைக்குள் பொதுப் பேருந்து வருவதில்லை. சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்க அவர் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடிவதற்கு முன்பே பேரனின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து முச்சந்திக்கு வருகிறார். மருத்துவ அட்டையை நெகிழிப்பையில் சுற்றி இடுப்பில் செருகியிருக்கிறார். பேரனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, விட்டுவிட்டுப் போய்விடுகிறான். குடையை விரித்துக்கொண்டு சாலையோரத்தில் நிற்கிறார். காய்கறி லாரி கடந்து போகும் வேகத்தில் குடை மடங்குகிறது. தெரிந்தவர் கார் வந்தால் ஏற்றிக்கொள்வார்கள். வராவிட்டால் வாடகைக் கார்தான். போக வர அந்தக் காருக்குக் கொடுக்கும் பணத்தில் வீட்டுக்கு ஒரு வாரத்துக் காய்கறி வாங்கலாம். அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டியவர், “அடுத்த தடவை பார்த்துக்கலாம்” என்று இருந்துவிடுகிறார். எங்கள் லயங்களில் இப்படித் தள்ளிப்போட்டுக் கால் புண்ணாகிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவமனை நன்றாகவே இருக்கிறது. அங்கே போய்ச் சேரத்தான் வழியில்லை.

மலையில் ஆள் குறைவு, பேருந்து கட்டுப்படியாகாது என்று சொல்வார்கள். டிக்கெட் காசை மட்டும் நம்பி ஓட்டும் முதலாளிக்கு அது உண்மைதான். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் சிக்கலுக்கு விடையை அரசாங்கமே பத்தாண்டுக்கு முன் கண்டுபிடித்துவிட்டது. ஈப்போ, சிரம்பான், கங்கார் போன்ற நகரங்களில் உள்ளூர்ப் பேருந்துக்குக் கொண்டுவந்த ஏற்பாட்டில், ஓடும் தூரத்துக்கு ஏற்ப அரசாங்கம் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கிறது. வண்டியில் பத்துப் பேர் இருந்தாலும் இரண்டு பேர் இருந்தாலும் சொன்ன நேரத்துக்கு அது கிளம்பியாக வேண்டும். நம் மாநிலத்திலேயே குவாந்தானில் 2012 முதல் ரேபிட் பேருந்து ஓடுகிறது. 665 கிலோமீட்டர் நீளமுள்ள கிழக்குக் கரை ரயில் பாதை பகாங் வழியாகவும் போகிறது. அத்தனை பெரிய வேலையைத் தூக்கிச் சுமக்கும் கைகளுக்கு ரிங்லெட்டில் இரண்டு சிறிய வேன்கள் கனமாகவா இருக்கும்?

வாரக் கடைசிகளையும் எண்ணிப் பாருங்கள். பள்ளி விடுமுறையில் ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை கார்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஊர்கின்றன. ஆம்புலன்சும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. மேலே வந்தால் சுற்றிப் பார்க்கப் பேருந்து கிடைக்கும் என்று தெரிந்தால் எத்தனையோ குடும்பங்கள் காரை எடுக்காமல் வரும். தேயிலைத் தோட்டம் பார்க்க வரும் பயணிக்கும் அந்தத் தோட்டத்திலேயே குடியிருப்பவருக்கும் ஒரே வண்டி போதும்.

இந்த மலை நாட்டுக்கு நிறையவே கொடுத்திருக்கிறது. 1929இல் போ (BOH) தோட்டம் தொடங்கியதிலிருந்து தேயிலை கொடுக்கிறது. நாட்டின் சந்தைகளுக்குக் காய்கறி கொடுக்கிறது. ரிங்லெட் ஏரியில் தேக்கிய தண்ணீர் 1960களிலிருந்து மின்சாரம் கொடுக்கிறது. தேயிலையும் காய்கறியும் போகச் சாலைகள் இருக்கின்றன. அவற்றில் மனிதர் போய்வர ஓர் ஏற்பாடு கேட்கிறோம்.

ரிங்லெட்டில் புறப்பட்டு, ஹாபு முச்சந்தியில் திரும்பி, தோட்டத்து உட்சாலையில் லயங்கள் வரை போய், மறுபடி பெரிய சாலைக்கு வந்து தானா ராத்தா மருத்துவமனை வாசலில் நிற்கும் ஒரு தடம் வேண்டும். பெரிய பேருந்து அந்த வளைவுகளில் திரும்பாது. சிறிய வேன் போதும். கோலாலம்பூரில் கைப்பேசியில் அழைத்தால் வரும் ரேபிட் வேன்களைப் போன்றவையே இங்கே பொருந்தும். ஆனால் உட்சாலையில் பல இடங்களில் தொலைபேசி அலை கிடைக்காது. ஆகவே நேரத்தை அச்சடித்துத் தோட்டத்துக் கடையிலும் தமிழ்ப்பள்ளி வாசலிலும் ஒட்டுங்கள், தமிழிலும் ஒட்டுங்கள். காலை நேரத்தை மருத்துவமனைப் பதிவு திறக்கும் வேளைக்கும், மாலை நேரத்தைப் பள்ளி விடும் வேளைக்கும் பொருத்துங்கள். ஓராங் அஸ்லி கிராமங்களுக்கும் இதே தேவை உண்டு; அவர்களையும் கேட்டுத் தடம் வகுக்க வேண்டும்.

முதலில் ஆறு மாதம் ஓட்டிப் பார்த்து, யார் ஏறுகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள் என்று கணக்கெடுக்கலாம். அதற்கான தொகையை அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கும்படியும், ஒதுக்குவதற்கு முன் அதிகாரிகள் சிலரைக் கார் இல்லாமல் தாப்பாவிலிருந்து எங்கள் லயம் வரை ஒருமுறை வந்து பார்க்க அனுப்பும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ரிங்லெட் வாசி ஒருவர்